அஞ்சு கட்டை லைட்

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பேரிங் கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் கொடுத்த டைரியை இன்றுதான் பிரித்தேன். எட்டு மாதம் வெறுமையாகக் கிடந்ததற்குச் சோம்பல் காரணமில்லை, எழுதும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. இப்போதும் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. சுகந்தி ஊருக்குப் போயிருக்கிறாள், அவ்வளவுதான்.

இரண்டாம் தேதி எங்கள் வீட்டு மாடிப்படியில் சறுக்கி விழுந்து, இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஒரு கையை வைத்துக்கொண்டு சமைக்க முடியாது என்று கோபியில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். போகும்போது குக்கரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சமைக்க முடியாதவளுக்குக் குக்கர் எதற்கு என்று யோசித்தேன். யோசித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன்.

இன்று மாமனார் போன் செய்தார். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அறுபதாம் கல்யாணம். கிட்டுசாமி என்றால் கோபி பஸ் ஸ்டாண்டில் இன்றைக்கும் தெரியும். முப்பது வருஷம் கண்டக்டர். மாப்பிள்ளை என்ற முறையில், "உங்களுக்கு என்ன வேணும் மாமா?" என்று கேட்டேன். வழக்கம்போல எதுவும் வேண்டாம் என்றார். நானும் வழக்கம்போல விடவில்லை.

"கேக்கறீங்கன்னு சொல்றனுங் மாப்ள. நல்லதா, அஞ்சு கட்டையில ஒண்ணு கோயமுத்தூர்ல கெடைக்குமான்னு பாருங்க. இங்க இருக்கறதெல்லாம் வெளையாட்டுச் சாமானுங்க. வெடியால அஞ்சு மணிக்கு அதைக் கையில எடுத்துட்டுத் தோட்டத்துப் பக்கம் போனா மனசுக்கு ஒரு நிம்மதிங்க."

"எடை எப்படி மாமா இருக்கோணும்?"

"லேசா இருந்தாத்தானுங் கையில நிக்கும். ஓட்டையெல்லாம் சரியா இருக்குதான்னு மட்டும் பாத்துருங்க."

அவர் பக்கத்தில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. அஞ்சு கட்டை பேட்டரி போடுகிற டார்ச் லைட். இருட்டில் தோட்டத்துக்குப் போகிறவருக்குப் பாம்பு பயம் இருக்கும். தண்ணீர் புகாதபடி ஓட்டை எதுவும் இருக்கக் கூடாது.

தரம் பார்த்து வாங்குவது என்றால் என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. பம்புசெட் கம்பெனியில் கடைசிப் பரிசோதனை என் மேஜையில்தான் நடக்கிறது. திருமூர்த்தி கையெழுத்துப் போடாமல் ஒரு பம்பு வெளியே போகாது. இதைச் சுகந்தியிடம் சொல்லும்போதெல்லாம் அவள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

ஆகஸ்ட் 22, வியாழன்

சுகந்திக்குப் போன் செய்தேன். கை எப்படி என்று கேட்டேன். கட்டுக்குள் அரிக்கிறதாம், பின்னல் ஊசியை விட்டுச் சொறிந்துகொள்கிறாளாம். பிறகு அவளாகவே கேட்டாள்.

"லைட்டு என்னங்க ஆச்சு?"

அவளுக்கும் இதில் இவ்வளவு அக்கறை இருப்பது எனக்கு நிறைவாக இருந்தது.

"விசாரிச்சுட்டு இருக்கறேன்" என்றேன்.

"அஞ்சு மாசமா விசாரிக்கறீங்களா?"

"அஞ்சு மாசமில்ல சுகந்தி, அஞ்சு கட்டை."

அவளுக்குப் புரியட்டும் என்று, அலுமினிய உடம்புக்கும் பித்தளை உடம்புக்கும் உள்ள வித்தியாசம், எல்ஈடிக்கும் பழைய குண்டு பல்புக்கும் உள்ள வித்தியாசம், கண்ணாடி கீறல் விழாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும் என்பது வரை பன்னிரண்டு நிமிஷம் விளக்கினேன்.

"நான் எந்த லைட்டைக் கேட்டேன்னு தெரியுதுங்களா?" என்றாள்.

"மாமாவோட லைட்டுதானே."

"சரி, வெக்கறனுங்க."

கோபியில் சிக்னல் எப்போதும் சரியிருப்பதில்லை.

ஆகஸ்ட் 24, சனி

டவுன்ஹால் பக்கம் நூர்தீன் பாய் கடை. எலக்ட்ரிக்கல் சாமான்களுக்கு நடுவே மனுஷர் தலை மட்டும் தெரியும்.

"அஞ்சு கட்டைங்களா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதெல்லாம் போயே போச்சு சார். இப்ப எல்லாம் சார்ஜர் ஐட்டம். உள்ளங்கையில அடங்கும், ஒரு கிலோமீட்டர் அடிக்கும்."

"கேட்டவர் அஞ்சு கட்டைதான் கேட்டிருக்கார் பாய். சொன்னதைச் சொன்னபடி வாங்கிக் குடுக்கறதுதான் என் பழக்கம்."

இந்த வாக்கியத்தைச் சுகந்தி கேட்டிருந்தால் என்ன முகம் காட்டியிருப்பாள் என்று வரும் வழியில் ஒரு நிமிஷம் தோன்றியது. ஏன் தோன்றியது என்று தெரியவில்லை.

பாய் ஏழு டார்ச்சுகளை எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றையும் காதோரம் வைத்துக் குலுக்கினேன், சுவிட்சை இருபது தடவை அழுத்தினேன், மூடியைக் கழற்றி மரையைப் பார்த்தேன், ஸ்பிரிங்கை அமுக்கினேன். அதற்குள் பாய் மூன்று வாடிக்கையாளர்களை அனுப்பிவிட்டு டீயும் குடித்துவிட்டார். கடைசியில், சோதனை முறையைச் சரிபார்த்துக்கொள்வதற்காக ஒரு மூன்று கட்டை லைட் மட்டும் வாங்கினேன். அஞ்சு கட்டைக்குப் பழைய ஸ்டாக் இருக்கிற ஒரு கடையில் சொல்லிவைப்பதாகச் சொன்னார்.

"யாருக்கு சார் இது?"

"மாமனாருக்கு."

"அப்ப சரி" என்றார். எது சரி என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ரசம். இரண்டு வேளையும்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

டார்ச்சைச் சோதிக்க இருட்டு வேண்டும். கம்பெனியில் அதற்கு வசதியில்லை. வீட்டுக்கு வந்ததும்தான் உறைத்தது, எங்கள் மாடிப்படியைவிட நல்ல இருட்டறை கோயமுத்தூரில் கிடையாது. இரண்டு சுவர்களுக்கு நடுவே போகிற படி. ஜன்னல் இல்லை. நடுமத்தியானத்திலும் கையை நீட்டினால் விரல் தெரியாது. மேலே ஒரு பல்பு உண்டு. மார்ச் மாதம் ஃபியூஸ் போனது.

அதை நான் மாற்றவில்லை என்பது சோம்பலால் அல்ல. வாடகை ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவுப்படி பொது இடத்து விளக்குகள் வீட்டுக்காரர் பொறுப்பு. வீட்டுக்காரர் சென்னியப்பன் திருப்பூரில் இருக்கிறார். இதுவரை நான்கு கடிதங்கள் எழுதியிருக்கிறேன், நான்குக்கும் நகல் வைத்திருக்கிறேன். இன்றைக்கு நான் பல்பு வாங்கி மாட்டிவிட்டால் ஆறாவது பிரிவுக்கு என்ன மரியாதை?

மூன்று கட்டை லைட்டோடு ஏறி இறங்கினேன். மொத்தம் பதினைந்து படிகள். ஏழாவது படியின் விளிம்பு மூளி, ஒரு கை அகலத்துக்குப் பெயர்ந்திருக்கிறது. நான்கு வருஷமாக ஏறி இறங்குகிறேன், இன்றுதான் கண்ணில் பட்டது. அவ்வளவு துல்லியமான வெளிச்சம். சோதனைத் தாளில் 'வெளிச்சத் தெளிவு: நன்று' என்று எழுதினேன். படியைப் பற்றி வீட்டுக்காரருக்கு ஐந்தாவது கடிதம் எழுத வேண்டும்.

ஏழாவது படியில் ஒரு ரப்பர் பேண்டும், காய்ந்துபோன சம்பங்கி ஒன்றும் கிடந்தன. அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

சென்னியப்பனே போன் செய்துவிட்டார். ஐந்தாவது கடிதத்துக்கு இப்படி ஒரு பலன் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

"ஏனுங் தம்பி, ஒரு பல்பு. நீங்களே போட்டுக்கிட்டு வாடகையில கழிச்சுக்குங்கன்னு முதல் கடுதாசி வந்தப்பவே போன்ல சொன்னனுங்களே. கேக்கலீங்களா?"

அப்படிச் சொன்னாரா? சொல்லியிருக்கலாம். எழுத்துபூர்வமாகத் தரும்படி கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

கிடைத்துவிட்டது! பாய் கூப்பிட்டார். பழைய கடையொன்றின் பரணிலிருந்து எடுத்ததாம். நிக்கல் பூசிய பித்தளை உடம்பு, கிட்டத்தட்ட முழங்கை நீளம். அஞ்சு கட்டையையும் போட்டு எடுத்தால் தோள்பட்டை ஒரு பக்கம் இறங்குகிறது. மாமா லேசாக இருக்க வேண்டும் என்றார்தான். ஆனால் அஞ்சு கட்டையும் வேண்டும், லேசாகவும் வேண்டும் என்றால் எப்படி? வாடிக்கையாளர்கள் எப்போதும் இப்படித்தான் கேட்பார்கள், எது முக்கியம் என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

படியில் வைத்து முழுச் சோதனையும் நடத்தினேன். பதினான்கு அம்சங்கள். மூன்றாவது படியிலிருந்து போட்டும் பார்த்தேன். லைட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, கீழே தையல் கடைக்காரர்தான் ஓடிவந்தார்.

"யாருங்க மறுபடியும் விழுந்தது?" என்றார் பதறிப்போய்.

லைட் என்று காட்டினேன். அவர் லைட்டைப் பார்த்தார், மேலே பல்பு இல்லாத இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். நல்ல பொருளை ரசிக்கத் தெரியாதவர்கள் எங்கும் உண்டு.

செப்டம்பர் 3, செவ்வாய்

சுகந்தி போனை எடுக்கவில்லை. அத்தைதான் எடுத்தார். பதின்மூன்றாம் தேதி கட்டுப் பிரிக்கிறார்களாம். நான் வரட்டுமா என்று கேட்டேன்.

"நீங்க லீவு போட்டு அலைய வேண்டாமுங் மாப்ள" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "விசேசம் முடிஞ்சு அங்க வாரதைப் பத்திக் கேட்டா வாயே தொறக்க மாட்டீங்கறாளுங்க. உங்களுக்குள்ள ஏதாச்சுங்களா?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க அத்தை. கை வலில இருப்பா" என்றேன்.

அதற்குப் பிறகு ரொம்ப நேரம் டார்ச்சைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. அவள் திரும்பி வராமல் போய்விட்டால் என்ன செய்வேன் என்று நினைத்துப் பார்த்தேன். சரியாக நினைக்க முடியவில்லை, சாப்பிடாமல் தட்டை மூடிவைத்தேன். ரசம் காரணமாக இருக்கலாம்.

என் திட்டம் இதுதான். மாமா பெட்டியைப் பிரிப்பார், பூரித்துப்போவார். 'மாப்ள சொன்னதைச் சொன்னபடி செஞ்சுபோட்டார்' என்று நாலு பேர் எதிரில் சொல்வார். அது சுகந்தியின் காதில் விழும். அன்று சாயங்காலமே குக்கரோடு பஸ் ஏறிவிடுவாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

பாத்திரக் கடையில் பெயர் வெட்டக் கொடுத்தேன். வெட்டுகிறவர் குடத்திலும் அண்டாவிலும் வெட்டிப் பழகியவர். டார்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல பேர் வெட்டறது இதான் முதல் தடவைங்க. தப்பா வெட்டிட்டா திருப்பிக் குடுக்க முடியாது பாத்துக்குங்க."

"திருப்பிக் குடுக்கற பேச்சுக்கே இடமில்லை" என்றேன்.

'மாமா கிட்டுசாமி அவர்களுக்கு மணிவிழாப் பரிசு அன்புடன் திருமூர்த்தி சுகந்தி.' உருளையான உடம்பு என்பதால் எழுத்து சுற்றிக்கொண்டு போகிறது. படிக்க வேண்டுமென்றால் மூன்று தடவை உருட்ட வேண்டும். சுகந்தி பெயர் கடைசியில், சுவிட்சுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. இடம் போதவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

இன்று கட்டுப் பிரித்திருப்பார்கள். லீவு கிடைக்கவில்லை.

லீவு கேட்கவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

பஸ்ஸில் வரும்போதே எழுதத் தொடங்கினேன், எழுத்து கோணிக்கொண்டு போனது. ரோடு சரியில்லை. இப்போது வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து ஒரே ஒரு வேண்டுதல்தான். ஒரு பத்து நிமிஷம் கரண்ட் போக வேண்டும். மண்டபம் இருளும், எல்லோரும் ஐயோ என்பார்கள், நான் எழுந்து நிற்பேன், அஞ்சு கட்டை வெளிச்சம் மணமேடை மேல் விழும். மூன்று வாரமாகக் கோபியில் எப்போதெல்லாம் கரண்ட் போகிறது என்று அத்தையிடம் நாசூக்காக விசாரித்துவைத்திருந்தேன். இன்றைக்கென்று பார்த்து ஒரு சிமிட்டல்கூட இல்லை. போதாததற்கு மணமேடையைச் சுற்றிலும் சீரியல் செட் வேறு.

சுகந்தி பச்சைப் பட்டுப்புடவையில் ஓடியாடிக்கொண்டிருந்தாள். கட்டு இல்லை. அந்தக் கை மட்டும் இளைத்து, வெளுத்து, வேறு யாருடைய கையோ போல இருந்தது. எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். சொம்பை இடது கையில் எடுக்கப் போய், முடியாமல், வலது கைக்கு மாற்றினாள். "வலிக்குதா?" என்றேன். "இல்லீங்க" என்று போய்விட்டாள்.

தாலி கட்டி முடிந்து பரிசு கொடுக்கிற நேரம். என் பெட்டியை மாமா மடியில் வைத்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு ஆவல். பக்கத்தில் இருந்த பெருமாள் கோவில் பஜனை கோஷ்டிக்காரர்களிடம், "மாப்ள கோயமுத்தூர்லயிருந்து அஞ்சு கட்டை கொண்டாந்துட்டாருங்க" என்றார். அவர்களும் எட்டிப் பார்த்தார்கள். பெட்டியின் நீளத்தைப் பார்த்து, "அளவு சரியாத்தானுங் இருக்குது" என்றார் ஒருவர். இவர்களுக்கும் டார்ச்சைப் பற்றித் தெரிந்திருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம்.

மாமா பெட்டியைக் கையில் தூக்கினார். எடையில் கை இறங்கியது. ஆவலும் கொஞ்சம் இறங்கியது. பிரித்தார்.

"இது... பேட்டரி லைட்டுங்களா?"

"அஞ்சு கட்டை மாமா. பித்தளை. ஓட்டை ஒண்ணுகூட இல்லை, தண்ணில போட்டே பாத்துட்டேன்."

பஜனை கோஷ்டியில் ஆர்மோனியக்காரர்தான் முதலில் சிரித்தார். "அண்ணன் அஞ்சு கட்டை சுருதில புல்லாங்குழல் கேட்டா, மாப்ள ஓட்டையே இல்லாமக் கொண்டாந்திருக்காருங்க!"

பிறகு மண்டபமே சிரித்தது. மாமா எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷர். "தப்பு என்னுதுதானுங் மாப்ள. கொழல்னு வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். முப்பது வருசம் பஸ்ஸுல விசில் ஊதியாச்சு, இனிக் கொஞ்சம் ராகமா ஊதலாம்னு ஒரு ஆசை. வீட்ல ஊதுனா உங்கத்தை சிரிப்பா, அதான் வெடியால தோட்டத்துக்குப் போறது. லைட்டும் நல்லாத்தானுங் இருக்குது."

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? கட்டை என்றதும் எனக்குப் பேட்டரிதான் ஞாபகம் வந்தது. பாடுகிறவர்களுக்கு அது சுருதி என்று தெரியாமல் இல்லை, அந்த நேரத்தில் அந்தப் பக்கம் புத்தி போகவில்லை. ஓட்டை சரியாக இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதை, ஓட்டை இருக்கக் கூடாது என்று நானே திருத்தி வாங்கிக்கொண்டேன். ஒரு மாதம், ஏழு டார்ச், பதினான்கு அம்சச் சோதனை. 'உங்களுக்குக் குழல் வாசிக்கத் தெரியுமா மாமா?' என்று கேட்கவும் வேண்டியதில்லை, 'எதுக்கு மாமா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

மண்டபத்தில் சிரிக்காத ஒரே ஆள் சுகந்தி.

சாப்பாட்டுக்குப் பிறகு கை கழுவுகிற இடத்தில் பிடித்தேன். "சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸுக்குப் போலாமா?" என்றேன்.

"நான் வரலீங்க."

"ஏன்? எல்லாரும் சிரிச்சதுக்கா?"

"அப்பா ஒரு தடவை சொன்னாரு, அதை வேற மாதிரி கேட்டுக்கிட்டு ஒரு மாசம் கடை கடையா அலைஞ்சீங்க. நான் அஞ்சு மாசமா ஒரே வார்த்தைதானுங் சொன்னேன். படியில லைட்டு, படியில லைட்டுன்னு. அதுக்கு ஒரு நாள் அலைஞ்சீங்களா?" குழாயை மூடினாள். இடது கையால் மூட முடியவில்லை, வலது கையால் மூடினாள். "போன்ல லைட்டு என்னாச்சுன்னு கேட்டேன். அப்பவும் என்னென்னமோ சொன்னீங்க."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சத்தியமாக அப்போதுதான்.

"வீட்டுக்காரர்தான்..." என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்திருக்கக் கூடாது. அவள் போய்விட்டாள்.

செப்டம்பர் 16, திங்கள்

ஆகஸ்ட் இரண்டாம் தேதி நடந்ததை எழுதிவிடுகிறேன். படியில் சறுக்கி விழுந்தாள் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அது பொய்யில்லை. முழுதுமில்லை.

ஆடி வெள்ளி. சாயங்காலம் ஆறே முக்கால். இரண்டு கையிலும் பைகளோடு, தேங்காய், பழம், பூவோடு படியின் அடியில் நின்று கூப்பிட்டாள். "ஏனுங், கொஞ்சம் லைட்டைக் காட்டுங்க." செல்போன் லைட்டைத்தான் சொன்னாள். எனக்கு நன்றாகக் கேட்டது. "இதோ வர்றேன்" என்றேன். போகவில்லை. சென்னியப்பனுக்கு நான்காவது கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். நல்ல ஒரு வாக்கியம் ஓடிக்கொண்டிருந்தது, எழுந்தால் விட்டுப்போகும்.

இரண்டாவது தடவையும் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை, ஏறத் தொடங்கிவிட்டாள்.

அந்த வாக்கியம் இது, நகலைப் பார்த்தே எழுதுகிறேன். 'மேற்படி படிக்கட்டில் வெளிச்சம் இல்லாமையால் குடியிருப்போர் விழுந்து காயமடையும் அபாயம் உள்ளது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.' 'கொண்டுவருகிறேன்' எழுதும்போது சத்தம் கேட்டது. தேங்காய் உருண்டு போகிற சத்தமும், அவள் கத்தியதும்.

முற்றுப்புள்ளி வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். நான் இறங்கி வந்தபோது என் கையில் பேனா இருந்தது, லைட் இல்லை. மூடியைக்கூடப் போட்டிருந்தேன்.

எனக்கு என்னைப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை இன்று.

செப்டம்பர் 17, செவ்வாய்

காலையில் கடை திறக்கும்போதே பாய் கடை வாசலில் நின்றேன்.

"மறுபடியும் அஞ்சு கட்டைங்களா?" என்றார் கலவரத்தோடு.

"ஒரு ஒம்பது வாட் பல்பு பாய்."

"எந்த மாதிரி? வெள்ளையா, மஞ்சளா, கேரண்டி எத்தனை வருஷம்னு எதுவும்..."

"எரிஞ்சாப் போதும்."

தையல் கடைக்காரரிடம் ஏணி வாங்கினேன். ஏணி என்றால் எனக்குத் தொடை நடுங்கும். ஆறாவது பிரிவுக்கு உள்ளே ஒளிந்திருந்த விஷயங்களில் இதுவும் ஒன்று. அவர் அடியில் பிடித்துக்கொண்டார். பழைய பல்பைக் கழற்றி, புதியதை மாட்டி, ஒட்டடையும் அடித்து இறங்கியபோது மொத்தம் பதினோரு நிமிஷம் ஆகியிருந்தது. அதிலும் நாலு நிமிஷம் நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

"இதுக்குத்தானுங்களா மார்ச்சுலயிருந்து?" என்றார் தையல் கடைக்காரர்.

"இதுக்குத்தான்" என்றேன்.

சாயங்காலம் கொத்தனாரைக் கூட்டிவந்து ஏழாவது படிக்கு விளிம்பு கட்டினேன். அந்தச் சம்பங்கியை எடுத்து டைரிக்குள் வைத்திருக்கிறேன். பல்பு போட்டதைச் சுகந்திக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். பல்பைப் படம் பிடித்து அனுப்பவும் செய்தேன், உடனே அழித்துவிட்டேன். ஒரு பல்பு போட்டதற்குப் பாராட்டு எதிர்பார்க்கிற ஆளாகத் தெரிய வேண்டாம். எதிர்பார்க்கிறேன்தான்.

செப்டம்பர் 19, வியாழன்

இசைக் கருவிகள் விற்கிற கடைக்குப் போனேன். "அஞ்சு கட்டையில புல்லாங்குழல்" என்று, குழல் என்ற வார்த்தையை மூன்று தடவை சேர்த்துச் சொன்னேன். கடைக்காரர் நான்கு குழல்களை எடுத்துவைத்தார். கை தானாக ஒன்றை எடுத்துக் காதோரம் குலுக்கப் போனது. கீழே வைத்துவிட்டேன்.

மாமாவுக்குப் போன் போட்டு, கடைக்காரரை ஒவ்வொன்றாக ஊதச் சொல்லி, போனைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் ஒரு கருத்தும் சொல்லவில்லை. மூன்றாவதை மாமா மறுபடியும் ஊதச் சொன்னார். அந்தப் பக்கம் கூடவே முனகினார். "அதானுங் மாப்ள" என்றார்.

பின்னால் சுகந்தியின் குரல் கேட்டது. "யாருங்கப்பா?"

"உன்ற வீட்டுக்காரருதாங் கண்ணு. கொழல் வாங்கறாரு."

"பேசறாருங்களா?"

"இல்ல கண்ணு. இன்னிக்குக் கேட்டுட்டு மட்டும் நிக்கறாரு."

செப்டம்பர் 21, சனி

கூரியரில் போட்ட குழல் மாமாவுக்குக் கிடைத்துவிட்டது. அந்த லைட்டும் வீணாகவில்லையாம். விடிகாலையில் தோட்டத்தில் பாட்டு நோட்டைப் பார்ப்பதற்கு அத்தை பிடித்துக்கொண்டு நிற்கிறாராம். முதல் நாள் சிரித்தாராம், இப்போது சிரிப்பதில்லையாம். "எடைதானுங் தாங்க முடியல, ஒரு பாட்டுக்கு மேல அவளால நிக்க முடியறதில்ல" என்றார்.

நல்லதுதான். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்கும் நல்லது.

செப்டம்பர் 22, ஞாயிறு

சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து குரல்.

"ஏனுங்..."

அவ்வளவுதான் காதில் விழுந்தது. அதற்கு மேல் என்ன சொன்னாளோ தெரியாது. புளிக் கையோடு, செருப்புப் போடாமல், பதினைந்து படிகளையும் எப்படி இறங்கினேன் என்று ஞாபகமில்லை.

சுகந்தி அடியில் நின்றுகொண்டிருந்தாள். வலது கையில் பை, பையில் குக்கரின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தலையை நிமிர்த்தி மேலே பல்பைப் பார்த்தாள். பிறகு ஏழாவது படியைப் பார்த்தாள். பிறகு புளி சொட்டுகிற என் கையைப் பார்த்தாள்.

"லைட்டுதான் எரியுதுங்களே. எதுக்கு எறங்கி வந்தீங்க?"

"நீ கூப்பிட்டியே" என்றேன்.

பையை என்னிடம் கொடுத்தாள். கண் நிறைந்திருந்தது, எனக்கும்தான். படியில் வெளிச்சம் இருந்ததால் இரண்டும் தெரிந்தது.

செப்டம்பர் 23, திங்கள்

எழுத நேரமில்லை. நேற்று ஒன்பது மணி வரை பேசிக்கொண்டிருந்தோம். சரியாகச் சொன்னால், அவள் பேசிக்கொண்டிருந்தாள்.